பிறர் மறைத்த சொற்கள்

மறையியல் படிக்கப் புகுந்தவர்கள் எந்த வழியாக வந்தாலும் சீக்கிரமே ஒரு கோப்பின் முன்னால் வந்து நிற்பார்கள். ராக்யூ என்று அதற்குப் பெயர். பாதுகாப்புச் சோதனைகளுக்காகவே தொகுக்கப்பட்ட காலி லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவினால் அது தானாகவே கூட வந்துவிடுகிறது. சொற்பட்டியல்களுக்கான அடைவில் சுருக்கிக் கட்டிய நிலையில் கிடக்கும். விரித்தால் வரிக்கு ஒன்றாக 1 கோடியே 43 லட்சத்துக்கும் அதிகமான பாஸ்வேர்டுகள். பயிற்சிக்காக யாரும் இட்டுக்கட்டியவை அல்ல. சமூக வலைத்தளங்களுக்கான சிறு செயலிகளைச் செய்துவந்த ஓர் அமெரிக்க நிறுவனத்தில் 3 கோடியே 20 லட்சம் கணக்குகள் இருந்தன. அந்தக் கணக்குகளுக்காக மனிதர்கள் தம் கைப்பட அடித்தவை இவை; ஒரே சொல் பலமுறை வந்ததை ஒன்றாக்கி, அதிகம் பேர் வைத்திருந்தது முதலில் வரும்படி அடுக்கியிருக்கிறார்கள். 2009 டிசம்பரில் அந்தத் தரவுத்தளத்துக்குள் வெளியாள் ஒருவர் புகுந்தபோது எல்லாம் அடித்தது அடித்தபடியே இருந்தது, ஹேஷ் செய்யப்படாமல், அதாவது திரும்ப முடியாத ஒரு கணக்கில் போட்டு உருமாற்றப்படாமல். அன்றிலிருந்து இந்தத் துறைக்கு அது அரிச்சுவடி ஆகிவிட்டது. நானும் அதில்தான் கற்றேன். திருட்டுப்போன பொருள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பாடம் படிக்கிறோம் என்ற நினைப்பு எனக்குள் எப்போது நுழைந்தது என்று தெரியவில்லை. நுழைந்தபின் போகவில்லை.

அந்தக் கோப்பை நிரல்கள் படித்தால் போதும், மனிதர்கள் படிக்கத் தேவையே இல்லை. ஆனால் ஒருமுறை திறந்துவிட்டால் கண்ணை எடுக்க முடிவதில்லை. முதல் வரி, ஒன்றிலிருந்து ஆறு வரையிலான எண்கள்; ஏறத்தாழ 2,90,000 பேர் அதை வைத்திருந்தார்கள். ஐந்தாவது வரியில், நான் உன்னைக் காதலிக்கிறேன் என்பதை ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் சேர்த்து எழுதிய சொல். ஐம்பதாயிரம் பேர் அளவில். கீழே போகப்போக எண்கள் குறைந்து பெயர்கள் பெருகுகின்றன. பெயரோடு பிறந்த ஆண்டு, பெயரோடு இன்னொரு பெயர், கடவுள்கள், கால்பந்து அணிகள், வசைச்சொற்கள், தொலைபேசி எண்ணின் நீளத்தில் இலக்கங்கள். நான் படித்த மாலை வகுப்பில் இதைத் திரையில் ஓடவிட்டபோது முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. சொல்லிக்கொடுத்தவர் சிரிக்கவில்லை. “உங்க பாஸ்வேர்டு இதுல இருக்கான்னு தேடிப் பாருங்க, அப்புறம் சிரிக்கலாம்” என்றார். கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும். என் பக்கத்தில் இருந்த பெண் தேடிவிட்டு உள்ளங்கையால் திரையை மறைத்துக்கொண்டாள். “சார், இருக்கு சார். ஆனா இது எங்க வீட்ல என்னைக் கூப்பிடுற பேரு. வெளிய யாருக்கும் தெரியாது.” அவர் தணிந்த குரலில் கேட்டார்: “உங்க வீட்ல மட்டும்தான் அப்படிக் கூப்பிடுறாங்கன்னு நெனச்சீங்களாம்மா?” கணிதத்தில் எத்தனையோ தேற்றங்களை அந்த வகுப்பில் கேட்டேன். இந்தக் கேள்விதான் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் சொன்னதும் உண்மை, அவர் கேட்டதும் உண்மை. அந்தப் பெயர் அவளுடைய வீட்டுக்குள் மட்டும் புழங்குவது. அதே சமயம் அது ஊரறிந்த பெயர். பாஸ்வேர்டு ஹேஷின் பாதுகாப்பு என்று நாம் பேசுவதெல்லாம் கடைசியில் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் கிடக்கிற இடைவெளியைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கணிதத்தின் பக்கம் இப்படி எந்தக் கலக்கமும் இல்லை. ஷா-256 என்ற ஹேஷ் முறையை ஒருமுறையாவது கையால் செய்து பார்க்கச் சொல்லி எல்லோரையும் வற்புறுத்துவேன். கட்டம் போட்ட நோட்டு ஒன்று, பென்சில், ரப்பர் இருந்தால் போதும். வரிக்கு 32 கட்டம், அப்படி எட்டு வரி. தொடக்க மதிப்புகள் முதல் எட்டுப் பகா எண்களின் வர்க்கமூலத்தில் புள்ளிக்குப் பின்னால் வருபவை. சுற்றுக்கு ஒன்றாகச் சேர்க்கும் 64 மாறிலிகள் முதல் 64 பகா எண்களின் கனமூலத்திலிருந்து வருபவை. வடிவமைத்தவர்கள் தங்களுக்கு வசதியான எண்ணை எங்கும் ஒளித்து வைக்கவில்லை என்று யாரும் சரிபார்த்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. ஐந்தாவது வரியை எடுத்து 6 கட்டம் வலப்புறம் சுழற்றி எழுத வேண்டும், ஓரத்தில் விழுகிற ஆறும் முன்னால் வந்து சேரும். பிறகு 11 கட்டம் சுழற்றி ஒன்று, 25 கட்டம் சுழற்றி ஒன்று. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, நெட்டுக்கு நெட்டு, ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் 1, இரட்டைப்படையானால் 0. கூட்டலில் கையில் நிற்கிற 1 இடது ஓரத்தைத் தாண்டினால் விட்டுவிட வேண்டும். ஒரு சுற்று முடிவதற்குள் விரல் நுனியில் கரி படிந்துவிடும். இப்படி 64. தனித்தனிச் சுற்று எதிலும் திரும்ப முடியாமை என்று ஒன்று இல்லை. உள்ளே போன செய்தி தெரிந்தால் ஒவ்வொன்றையும் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே வந்துவிடலாம். 64 சுற்றும் முடிந்தபின் தொடக்கத்தில் இருந்த எட்டு மதிப்புகளை மறுபடி எடுத்து மேலே கூட்டுகிறார்களே, அங்கேதான் வழி அடைபடுகிறது. அந்தக் கடைசிக் கூட்டலைக் கையால் செய்தபோது, இவ்வளவு எளிய ஒன்று இவ்வளவு பெரிய பாரத்தைத் தாங்குகிறதே என்று வியப்பாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஏனென்றால், அது தாங்கும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. போவது எளிதாகவும் திரும்புவது அரிதாகவும் உள்ள ஒருவழிச் சார்பு என்று ஒன்று இருப்பதாகவே நிரூபணம் கிடையாது. இருப்பதாக ஒருவர் நிரூபித்துவிட்டால், கிளே கணித நிறுவனம் 2000இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்த, விடையைச் சரிபார்ப்பது எளிதென்றால் கண்டுபிடிப்பதும் எளிதா என்ற பி, என்பி கேள்விக்கும் அதிலேயே விடை கிடைத்துவிடும். ரஸ்ஸல் இம்பாக்லியாட்ஸோ 1995இல் எழுதிய ஒரு கட்டுரையில், நாம் வாழக்கூடிய ஐந்து உலகங்களை வரைந்து காட்டினார். சிலவற்றில் மறையியல் சாத்தியம், சிலவற்றில் சாத்தியமே இல்லை. நாம் எந்த உலகத்தில் இருக்கிறோம் என்பது இன்றுவரை தெரியாது. வங்கிக் கணக்கைத் திறக்கும்போதெல்லாம் இந்த நிரூபிக்கப்படாத நம்பிக்கையின் மீதுதான் காலை வைக்கிறோம்.

ஆனால் இந்தச் சந்தேகம் என் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. பாஸ்வேர்டுகளைப் பொறுத்தவரை யாரும் அடைபட்ட வழியைத் திறந்துகொண்டு உள்ளே வருவதில்லை. வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இந்தப் பெயரா, இல்லையா, அடுத்த பெயரா? ஒவ்வொரு ஊகத்தையும் ஹேஷ் செய்து, திருடிய ஹேஷோடு ஒப்பிட்டு, பொருந்தினால் ஆயிற்று. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று ஷா-256ஐ நொடிக்கு ஆயிரம் கோடி தடவைக்கும் மேல் செய்கிறது. நான் ஒரு சாயங்காலம் முழுதும் ஒரே சுற்றோடு மல்லுக்கட்டிய அதே ஷா-256. ராக்யூவின் அந்த முதல் வரியை எம்டி5 முறையில் ஹேஷ் செய்தால் வருவது ‘இ10ஏடிசி’ என்று தொடங்கும். இந்தத் துறையில் கொஞ்ச காலம் புழங்கியவர்களுக்கு நிரலே தேவையில்லை. பொருளற்ற 32 எழுத்துக்களின் வரிசையைப் பார்த்ததும், தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல், இன்னது என்று சொல்லிவிடுவார்கள். எல்லோருக்கும் பொதுவாகிப்போன சொல்லை எந்தச் சூத்திரத்தில் போட்டு எடுத்தாலும், சூத்திரத்தின் மறுபக்கத்திலும் அது எல்லோருக்கும் பொதுவான ஒன்றாகவே வந்து விழுகிறது.

பாஸ்வேர்டை ஹேஷாக மட்டும் வைத்துக்கொள்ளும் எண்ணம் தொடக்கத்தில் எத்தனை அழகாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். 1966இல், எம்.ஐ.டி.யின் சிடிஎஸ்எஸ் என்ற கணினி அமைப்பில், ஒருநாள் பிற்பகல் உள்ளே நுழைந்தவர்களுடைய முனையங்களில் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டுகளும் வரிசையாக அச்சாகத் தொடங்கின. யாரும் எதையும் திருடியிருக்கவில்லை. நிரலாளர்கள் இருவர் ஒரே அடைவில் ஒரே நேரத்தில் வேலை செய்திருக்கிறார்கள். திருத்தும் நிரல் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கிக்கொண்டதால் அறிவிப்பும் பாஸ்வேர்டுக் கோப்பும் இடம் மாறிவிட்டன. பொறுப்பான ஒருவர் கூப்பிட்டுச் சொல்லும் வரை பதினைந்து இருபது நிமிடம் அச்சு ஓடியது என்று அந்த அமைப்பை உருவாக்கிய ஃபெர்னாண்டோ கார்பாட்டோ தமது டூரிங் விருது உரையில் விவரித்திருக்கிறார். அதே காலகட்டத்தில் கேம்பிரிட்ஜில், டைட்டன் கணினியில் வேலை செய்துகொண்டிருந்த ரோஜர் நீதம், பாஸ்வேர்டை வைத்துக்கொள்ளவே வேண்டாம் என்று முடிவெடுத்தார். திரும்ப முடியாத ஒரு கணக்கைப் போட்டு அதன் விடையை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். வந்தவர் சொல்வதை மறுபடி அதே கணக்கில் போட்டு விடை ஒத்துவருகிறதா என்று பார்க்கலாம். சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமலேயே சொன்னவரை அடையாளம் காணும் வழி இது. அறிய வேண்டியதை மட்டும் அறிந்துகொண்டு மிச்சத்தை வேண்டாமென்று விட்டுவிடுகிற இந்தக் கண்ணியம், கணினித் துறையில் வேறெதிலும் இவ்வளவு துல்லியமாக அமைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு பெல் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்ஸனும் இதை யூனிக்ஸ் இயங்குதளத்தில் செய்தார்கள். 1979இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை சில பக்கங்கள்தான். இன்றும் இந்தத் துறையில் அதைத் தாண்டிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. முதலில் இரண்டாம் உலகப் போர்க்கால எம்-209 மறைப்புக் கருவியை நிரலாகச் செய்து பயன்படுத்தினார்கள். அது வேகமாக இருந்ததே குறையாகப் போயிற்று. பிடிபி-11/70 கணினியில் ஓர் ஊகத்தைச் சோதிக்க 1.25 மில்லிநொடிதான் ஆனது. ஆகவே டிஇஎஸ் என்ற மறைப்பு முறையை 25 தடவை திரும்பத்திரும்ப ஓட்டி வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள். கணினி வல்லுநர்கள் தங்கள் நிரல் மெதுவாக ஓட வேண்டும் என்று பாடுபட்டது அநேகமாக அதுதான் முதல் தடவையாக இருக்கும். அந்தக் கட்டுரையில் நான் திரும்பத்திரும்பப் போய் நிற்கிற இடம் வேறு. அவர்கள் பாஸ்வேர்டுகளைச் சேகரித்து எண்ணியிருக்கிறார்கள். மொத்தம் 3,289. ஒற்றை எழுத்தாக இருந்தவை 15, இரண்டு எழுத்து 72, மூன்று எழுத்து 464. இப்படியே போய், அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் கிடைத்தவையும் சேர்ந்து 2,831. நூற்றுக்கு 86. கண்ணியமான அந்தக் கணக்கைக் கட்டியவர்கள் அதன் வலுவை அளக்கப் போன உடனேயே, மறைத்தவற்றைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. வேறு அளவுகோல் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அவர்கள் அச்சில் தந்தது எண்களை மட்டும். ஒரு சொல் எத்தனை எழுத்து என்பதைச் சொல்லிவிட்டு, சொல்லைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நாம் கற்கும் பட்டியலில் சொல் மட்டும்தான் இருக்கிறது.

1988 நவம்பர் 2ஆம் தேதி இணையத்தில் தானாகவே பரவிய ‘புழு’ நிரலை எழுதிய மாணவர் ராபர்ட் டப்பன் மோரிஸ், இதே மோரிஸின் மகன். அந்தப் புழு 432 சொற்களைத் தன்னோடு சுமந்து சென்றது. போன இடத்தில் பயனரின் பெயர், அந்தப் பெயரைத் திருப்பிப்போட்டது, பிறகு சுமந்து வந்த சொற்கள், பிறகு அந்தக் கணினியிலேயே இருந்த அகராதி என்று வரிசையாகச் சோதித்தது. தந்தை பாடுபட்டு மெதுவாக்கிய அதே கணக்கைப் பல மடங்கு வேகமாகச் செய்யும் நிரலும் அதற்குள் இருந்தது. தந்தை அப்போது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. இதை ஒரு குடும்பக் கதையாகச் சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிக் கடக்க முடிவதில்லை. அந்தச் சொற்களில் ஒன்று தன்னுடையது என்று எத்தனை பேர் மறுநாள் உணர்ந்திருப்பார்கள்? உணர்ந்தவர்களில் எத்தனை பேர் அதை வெளியே சொல்லியிருப்பார்கள்?

தாம்ப்ஸனுடைய பாஸ்வேர்டும் ஒருநாள் வெளியே வந்தது. 1980ஐ ஒட்டிய பெர்க்லி யூனிக்ஸ் மூலநிரலோடு ஒரு பழைய பாஸ்வேர்டுக் கோப்பும் சேர்ந்தே பாதுகாக்கப்பட்டிருந்தது. யூனிக்ஸை உருவாக்கியவர்களின் ஹேஷ்கள் அதில் இருந்தன. டென்னிஸ் ரிட்சி உட்படப் பலருடையவை எளிதில் உடைந்துவிட, தாம்ப்ஸனுடையது மட்டும் நெடுநாள் நின்றது. 2019இல் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நான்கு நாளுக்கும் மேல் இடைவிடாமல் ஓடி அதைக் கண்டுபிடித்தது. எட்டு எழுத்து. சதுரங்கத்தில் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிற தொடக்க நகர்வு, பழைய குறிமுறையில் எழுதி, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. ஜோ காண்டனோடு சேர்ந்து பெல் என்ற சதுரங்க இயந்திரத்தைக் கட்டி, 1980இல் கணினிச் சதுரங்க உலகப் பட்டம் வென்றவர் தாம்ப்ஸன். செய்தி தெரிந்ததும் அவர் ஒரே சொல்லில் வாழ்த்து அனுப்பினார். அவருடைய பெருந்தன்மை அது. நான் நினைத்துக்கொண்டது வேறு: நான்கு நாள் இயந்திரம் ஓடியிருக்க வேண்டியதில்லையே. அவரை நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவர் ஒரு மத்தியானம் உட்கார்ந்து யோசித்திருந்தால் பக்கத்தில் வந்திருப்பாரே. மனிதர்களுக்கு என்ன வேலைத்திறன் இருந்தாலும், எதை மறைப்பது என்று கேட்டால் தங்களுக்குப் பிரியமானதைத்தான் எடுத்து மறைக்கிறார்கள். பிரியம் என்பது வெளியே தெரிகிற ஒன்று.

சால்ட் என்ற ஏற்பாட்டைப் பாடப்புத்தகங்கள் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. ஒவ்வொருவருடைய பாஸ்வேர்டோடும் கொஞ்சம் தற்செயலான எழுத்துக்களைச் சேர்த்து ஹேஷ் செய்கிறார்கள். அது ரகசியம் இல்லை. ஹேஷுக்குப் பக்கத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்திருக்கும். மோரிஸும் தாம்ப்ஸனும் வைத்தது 12 பிட், அதாவது 4,096 வகை. முன்கூட்டியே எல்லாச் சொற்களுக்கும் ஹேஷ் போட்டு வைத்துக்கொண்டு ஒப்பிடுகிற வித்தையை அது தடுக்கிறது என்பது சரிதான். ஆனால் அது செய்கிற இன்னொரு காரியத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரே சொல்லை வைத்த இரண்டு பேர் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது அதனால் வெளியே தெரியாமல் போகிறது. இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை 2013இல் அடோபி நிறுவனத்தின் 15 கோடி அளவிலான பதிவுகள் வெளியேறியபோது பார்த்தோம். அங்கே ஹேஷ் செய்யவில்லை. ஒரே சாவியால் எல்லாவற்றையும் பூட்டியிருந்தார்கள். ஒரே பாஸ்வேர்டு எங்கே வந்தாலும் ஒரே உருவில் பூட்டப்பட்டிருந்தது. அந்தச் சாவி பொதுவெளிக்கு வரவேயில்லை. வரத் தேவையும் இருக்கவில்லை. பாஸ்வேர்டு மறந்தால் நினைவூட்டுவதற்காக ஒவ்வொருவரும் எழுதி வைத்த குறிப்புகள் பூட்டாமல் பக்கத்திலேயே கிடந்தன. ஒரே உருவைக் கொண்டவர்களின் குறிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் போதும். ஒருவர் சாடையாகச் சொல்லியிருப்பார், இன்னொருவர் பாதி சொல்லியிருப்பார், மூன்றாமவர் அந்தச் சொல்லையே எழுதி வைத்திருப்பார். கவனமாக இருந்தவரை, முன்பின் அறியாத இன்னொருவர் காட்டிக்கொடுத்துவிட்டார். இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே உறவு, இருவருக்கும் ஒரே சொல் பிடித்திருந்தது என்பதுதான். நாம் ஒருவரைப்போல் ஒருவர் இருக்கிறோம் என்பதை இலக்கியத்தில் ஆறுதலாகப் படித்து வளர்ந்தவன் நான். அந்தப் பட்டியல்களில் அதே விஷயம் ஆபத்தாக இருக்கிறது.

மெதுவாக்குவது பற்றி நிறையப் பேசலாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999இல் நீல்ஸ் புரோவோஸும் டேவிட் மாஸியேரும் தந்த பிகிரிப்ட் என்ற ஹேஷில் ஓர் எண்ணை ஒன்று கூட்டினால் வேலை இரட்டிப்பாகும். கணினிகள் வேகமாக ஆக ஆக அதைக் கூட்டிக்கொண்டே போகலாம். 2009இல் காலின் பெர்சிவலின் எஸ்கிரிப்ட், நேரத்தோடு நினைவகத்தையும் கேட்டது. அறிவிக்கப்பட்ட போட்டி ஒன்றில் 2015இல் வென்ற ஆர்கான்2, லக்ஸம்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவானது, இன்று பரிந்துரைக்கப்படுவது. எல்லாம் நல்லவை, பிறர் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கிற எவரும் இவற்றில் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். 2012இல் லிங்க்ட்இன்னிலிருந்து வெளியேறிய 65 லட்சம் ஹேஷ்கள், வேகமான ஷா-1, சால்ட் இல்லாதவை. அந்தப் பாடத்துக்குப் பிறகும் அப்படிச் செய்கிறவர்களை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை. என்றாலும், மெதுவான ஹேஷ் வாங்கித் தருவது அவகாசம்தான். நல்ல பாஸ்வேர்டுக்கு யுகங்கள், சுமாரானதுக்கு மாதங்கள், ராக்யூவின் முதல் சில வரிகளில் இருப்பதற்கு ஒரு மூச்சு நேரம். என் பக்கத்தில் இருந்தவளின் வீட்டுப் பெயர் இந்த மூன்றில் எதில் சேரும் என்பதைக் கணிதம் சொல்லாது, அந்தப் பட்டியல்தான் சொல்லும்.

பாஸ்வேர்டைத் தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்ததுண்டு. ஊகப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கின்றன. நம்மவர்களும் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள். ஆனால் ஹேஷுக்கு மொழி தெரியாது, பைட்டுகள்தான் தெரியும். ‘கொக்கு’ என்று அடித்துப் பாருங்கள். கண்ணுக்கு மூன்றெழுத்து. உள்ளே க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி என்று ஆறு குறியீடுகள், ஒன்றுக்கு மூன்று பைட்டாகப் பதினெட்டு. அந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் அணுவளவும் வித்தியாசம் தெரியாது. இரண்டாவது முறையில் 21 பைட்டு. ஹேஷ் செய்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு விடைகள். வீட்டுக் கணினியில் வைத்த பாஸ்வேர்டைக் கைப்பேசியில் அடித்தால், விசைப்பலகைச் செயலி வேறு வகையில் எழுதுகிறது என்ற ஒரே காரணத்தால் நீங்கள் நீங்கள் இல்லை என்று ஆகிவிடக்கூடும். ஹேஷ் செய்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று யூனிகோடு நெறிகள் உண்டு. நிரல் எழுதுகிறவர் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று. பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் வாங்கிக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் அது 72 எழுத்து, நீண்ட வாக்கியமே அடங்கும். தமிழில் 24 குறியீடு; உயிர்க்குறிகளும் புள்ளிகளும் போக, பதினைந்து எழுத்துக்கு முன்னும் பின்னும். பல செயலாக்கங்கள் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு மேலே போகின்றன. நெடிய தமிழ் வாக்கியம் ஒன்றைப் பாதுகாப்பென்று நம்பி அடித்தவருக்கு, அதன் பின்பாதி எங்கேயும் போய்ச் சேரவில்லை என்பது தெரியவே வராது. பதினைந்து எழுத்துக்குள் தமிழர்கள் என்னென்ன எழுதுவார்கள் என்று ஊகிக்க எவருக்காவது தேவை வந்தால், அதற்கும் ஒரு பட்டியல் எங்கிருந்தோ வரும். எங்கிருந்து வரும் என்பது நமக்குத் தெரியும்.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட நெறிமுறையில், புதிய பாஸ்வேர்டு எதையும் ஏற்கும் முன் கசிந்த பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. திருட்டுப்போனதே அதிகாரபூர்வ அளவுகோலாகிவிட்டது. இதைத் தவறு என்று சொல்ல எனக்கு வழியில்லை. அந்த ஒப்பீடு லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றுகிறது. அந்த ஒப்பீட்டைக் கண்ணியமாகச் செய்ய ஒரு வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டிராய் ஹன்ட் நடத்துகிற சேவையில், உங்கள் பாஸ்வேர்டை ஷா-1 செய்து அதன் முதல் ஐந்து எழுத்துக்களை மட்டும் அனுப்பலாம். அப்படிப் பத்து லட்சத்துச் சொச்சம் பிரிவுகள் உண்டு. கேட்ட பிரிவில் உள்ள ஹேஷ்களின் மிச்சப் பகுதிகள் எல்லாம் திரும்பி வரும். உங்களுடையது அதில் இருக்கிறதா என்பதை உங்கள் கணினியே பார்த்துக்கொள்ளும். கேட்டது எது என்று அவர்களுக்குத் தெரியாது. பிறர் சொல்லை நீங்களும் படிக்க வேண்டியதில்லை. நீதம் வைத்த அதே கண்ணியம் இங்கே இரண்டு பக்கமும் இருக்கிறது. காப்பவர்களுக்கு இது போதும். ஆனால் உடைக்கக் கற்பவர்களுக்குச் சொற்கள்தான் வேண்டும், உடைக்கத் தெரியாமல் காக்கவும் தெரியாது. ராக்யூ பட்டியலிலிருந்து மின்னஞ்சல் முகவரிகளை நீக்கியிருக்கிறார்கள். அது அந்த மனிதர்களின் நன்மைக்குத்தான். அதனாலேயே அவர்களில் யாரையும் தேடிப்போய், உங்கள் சொல்லை வைத்துப் படிக்கலாமா என்று கேட்கவும் முடியாது.

நான் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகு மாற்றுவழி ஒன்றைச் செய்து பார்த்தேன். மாணவர்கள் ஆளுக்கொரு பாஸ்வேர்டை மனதில் வைத்து ஹேஷ் செய்து தர வேண்டும். பிறகு, மற்றவர்கள் என்ன வைத்திருப்பார்கள் என்று தோன்றுவதையெல்லாம் தனித்தனியே எழுதித் தர வேண்டும். அந்த ஊகங்களைத் தொகுத்து ஓட்டினோம். அநேகமாக எதுவும் உடையவில்லை. எழுதியவற்றைப் படித்துப் பார்த்தேன்: எண் வரிசைகள், விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துக்கள், நடிகர் பெயர்கள், கல்லூரிப் பெயர். காதலைச் சொல்கிற அந்த ஐந்தாவது வரி எந்தத் தாளிலும் இல்லை, வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் சோம்பேறிகள் என்று எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் யாரையாவது நினைத்துக்கொண்டு பாஸ்வேர்டு வைப்பார்கள் என்று எவரும் எழுதவில்லை. ராக்யூவை நிரல் மட்டும் படிக்கும்படி அதே ஹேஷ்கள் மேல் ஓட்டியபோது நிமிடங்களில் பல உடைந்தன. அந்த வேறுபாட்டைப் பார்த்தபோதுதான் வகுப்புக்குப் பாடம் பிடிபட்டது. என்னுடைய மாற்றுவழியால் பிடிபடவில்லை. அடுத்த மாதம் புதிய மாணவர்கள் வருகிறார்கள். அவர்களிடம் எந்தக் கோப்பைக் கொடுப்பது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.